வெள்ளை பூத்த புழுக்கள்

அடி அண்ணாமலை கிராமத்தில் வேடியப்பனின் வேர்க்கடலைக் கொல்லையில் புழு விழுந்திருந்தது. இலைகளெல்லாம் சல்லடை ஆகிவிட்டன.

“பக்கத்துக் கொல்லை சக்கரபாணி தெளிக்கிற மிஷினைக் குடுத்ததும் மருந்து அடிச்சிட வேண்டியதுதான்” என்றார் வேடியப்பன்.

அவர் மகள் உண்ணாமலைக்குப் பகீரென்றது. போன வருஷம் மருந்து அடித்த அன்று அப்பா வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார்.

“வேணாம்பா!”

“அப்ப புழு தின்னுட்டுப் போகட்டுமா?”

உண்ணாமலை டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினாள். பொறுக்கப் பொறுக்கப் புழு குறையவில்லை. இடுப்புதான் வலித்தது.

கிணற்றோர நிழலில் சில புழுக்கள் இலையோடு ஒட்டிச் செத்திருந்தன. உடம்பெல்லாம் மாவு பூசினாற்போல் வெள்ளை. பழைய இட்லியில் பூக்குமே, அதுபோல் பூஞ்சணம்!

பூஞ்சணம் புழுவைக் கொன்றதா? செத்த பிறகு வந்ததா?

இரண்டு டப்பாக்களில் இலையும் உயிருள்ள புழுக்களும் போட்டாள். ஒன்றில் மட்டும் வெள்ளைப் புழுவையும் வைத்தாள். தினமும் புது இலை போட்டு வந்தாள். ஒரு வாரம் ஆனபோது, ஒரு டப்பாவில் புழுக்கள் கொழுகொழுவென்று இருந்தன. வெள்ளைப் புழு வைத்ததில் எல்லாமே வெள்ளை!

அப்பாவிடம் ஓடினாள். அவர் இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அட, நெசம்தான்! இந்த வெள்ளைப் புழுவை இப்பவே கரைச்சுத் தெளிக்கலாமா?”

“வெயில்ல வேணாம்பா. இது ஈரமான எடத்துலதான் பூத்திருக்கு. சாயங்காலம் தண்ணி பாய்ச்சிட்டுத் தெளிக்கலாம்.”

வெள்ளைப் புழுக்களை நசுக்கித் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டினாள். வேப்பங்கொத்தால் இருவரும் கொல்லை முழுக்கத் தெளித்தார்கள்.

மூன்று நாள் ஆயிற்று. புழுக்கள் ஜாலியாகத் தின்றுகொண்டிருந்தன. சக்கரபாணியின் மிஷினும் வந்துவிட்டது. அப்பா மருந்துப் புட்டியை எடுத்தார்.

உண்ணாமலை வழியை மறித்து நின்றாள். “டப்பாவுலயும் உடனே சாகலப்பா. இன்னும் கொஞ்ச நாள்!”

“இருக்கற இலையும் போயிட்டா?”

“அப்ப நீங்க சொல்றதைக் கேக்கறேன்.”

அப்பா பெருமூச்சு விட்டுப் புட்டியைப் பரண்மேல் வைத்தார்.

அன்றிரவு தூறல் போட்டது. மறுநாளும் விடவில்லை. அதற்கடுத்த காலை, கொல்லையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “உண்ணாமலை! ஓடியா!”

இலைக்கு இலை வெள்ளைப் புழுக்கள். மிச்சமிருந்தவையும் அசையத் தெம்பில்லாமல் கிடந்தன. ஓட்டை இலைகளுக்கு நடுவே புதுத் துளிர்கள் எட்டிப் பார்த்தன.

மிஷினை வாங்கிப்போக வந்த சக்கரபாணி வாயைப் பிளந்தார். “எங்க கொல்லைக்கும் கொஞ்சம் கரைச்சுக் குடு கண்ணு! இப்பவே எடுத்துட்டுப் போறேன்.”

உண்ணாமலை வானத்தைப் பார்த்தாள். தூறல் நின்று வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது.

“சாயங்காலம் வாங்க மாமா” என்றாள்.