பதினோராங்கட்டையில் ஆறாவது குரல்

விளக்குப் போன இருட்டில் தோட்டத்துக் கங்காணியான மண்டோர் சோமு ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். உள்ளே இருந்து ஒவ்வொருவராக 'இருக்கேன்' என்றார்கள். தடியால் சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நகர்ந்த பிறகுதான் தாதி கான்ஸ்டன்ஸுக்கு உறைத்தது. வார்டில் படுத்திருந்தது ஐந்து பேர். 'இருக்கேன்' என்று கேட்டது ஆறு முறை.

கடைசியாக வந்த பதில் கொஞ்சம் தாமதமாக, பின்கதவு ஓரத்துக் கட்டில் பக்கமிருந்து வந்தது. அந்தக் கட்டிலில் அன்று யாரும் இல்லை.

யாரோ தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தவள். ரப்பர் மரப் பால்வெட்டுக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து, புண் கழுவி, ஒரு பிரசவம் பார்த்து, துணி அவித்து, கணுக்கால் இரண்டும் வீங்கிப் போய் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் ஒரு வெற்றுக் கட்டிலைத் தடவிப் பார்க்கும் தெம்பு அவளிடம் இல்லை.

கோல சிலாங்கூரிலிருந்து சபாக் போகும் சாலையில் பதினோராவது மைலில் இருந்ததால் அந்த ரப்பர்த் தோட்டத்துக்குப் பதினோராங்கட்டை என்றே பேர். மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்து, சுற்றிலும் முள்கம்பி அடித்து, கம்பி நெடுகிலும் விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். அத்தனை விளக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் மின்சாரம் புகைக்கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த ஒரு கிழட்டு டீசல் எஞ்சினிலிருந்து வந்தது. ஒரு நாள் அதன் பட்டை அறுந்துவிடும். ஒரு நாள் எண்ணெய் லோரி காவலுக்குக் காத்து நடுவழியில் நின்றுவிடும். ஒரு நாள் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் மின்கம்பியை வெட்டிவிடுவார்கள். வாரத்தில் நாலு நாள், அந்தி மங்கி அரைமணி நேரத்துக்குள், எஞ்சின் இரண்டு முறை இருமும். பிறகு இருட்டு.

கம்பி விளக்கு அணைந்தால் எந்த வீட்டிலும் ஒரு திரி கூட எரியக்கூடாது, யாரும் வாசலைத் தாண்டக்கூடாது என்பது துரையின் கட்டளை. வேலியில் நிற்கும் காவல்காரர்கள் அசைவது எது என்று கேட்க மாட்டார்கள், சுடுவார்கள். டார்ச் பேட்டரி கட்டுப்பாட்டுச் சரக்கு. கான்ஸ்டன்ஸின் டார்ச் மூன்று மாதமாக அலமாரியில் செத்துக் கிடந்தது. உள்ளே இருக்க வேண்டியவர்கள் உள்ளேதான் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் மண்டோர் வீடு வீடாகப் பேர் கூப்பிட்டுக்கொண்டு போவார்.

தூத்துக்குடியில் மின்சாரமே இல்லாத வீட்டில் வளர்ந்தவளுக்கு இருட்டு புதிதல்ல. வெளிச்சம் வந்து வந்து போவதுதான் புதிது. ஊரில் இருட்டு மெதுவாக வரும். கடலில் இறங்கி, உப்பளத்தில் ஏறி, தெருவில் நடந்து, ஆள் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வரும். இங்கே அது யாரோ முகத்தில் துணி போட்டு மூடியதுபோல் வந்தது. தங்கை டொரீனுக்கு எழுதும் கடிதங்களில் இதையெல்லாம் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, 'சுகமாக இருக்கிறேன்' என்று முடித்துவிடுவாள். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இன்னும் பதினோரு மாதம் இருந்தது. வந்த புதிதில் அவள் குரலைக் கேட்டு லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள். 'இதோ' என்பதற்கு அவள் ஊர் வழக்கப்படி 'இன்னா' என்பாள். "இன்னா இருக்கேன்" என்று அவள் கணீரென்று சொல்வதைக் கேட்கவே பிள்ளைகள் ஜன்னலில் நின்று "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிட்டுவிட்டு ஓடும். இப்போது அவள் குரல் கம்மிப் போயிருந்தது. பிள்ளைகளும் கூப்பிடுவதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்த டிரெஸ்ஸர் சிவானந்தத்திடம் ஆறாவது குரலைப் பற்றிச் சொன்னாள். அவர் ஊசியைக் கொதிநீரில் இருந்து எடுத்தபடியே கேட்டார்.

"எத்தனை நாளாச்சு ஒழுங்காத் தூங்கி?"

"தெரியல சார்."

"அதான். எனக்கும்தான் காதுல என்னென்னமோ கேக்குது. இங்க எல்லாருக்கும் கேக்குது லா. பெரிசாக்காதீங்க."

அவள் பெரிசாக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று தடவை விளக்குப் போனது. மூன்று தடவையும் கடைசிப் பதில் ஒன்று கூடுதலாக வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டில் தள்ளி, அவள் நாற்காலிக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

பிறகு அர்ஜுனன் வந்தான். முப்பது வயது பால்வெட்டு ஆள், நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடுவதே மரம் அறுப்பதுபோல் இருந்தது. அன்று விளக்கு ஏழு மணிக்குப் போய் ஒன்பதரை வரை வரவில்லை. கான்ஸ்டன்ஸ் வார்டின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய கட்டிலுக்கு நாலே எட்டு வைத்தால் போதும். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் கேட்டாள்.

"அர்ஜுனா, இருக்கியா?"

"இருக்கேன் மிஸ்ஸி."

"மூச்சு எப்படியிருக்கு?"

"இப்ப சுகமா இருக்கு மிஸ்ஸி."

மரம் அறுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. மருந்து பிடித்துவிட்டது என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாள். கால் வலித்தது. பதில்தான் வருகிறதே என்று இருந்துவிட்டாள். கடைசியாக அவள் கேட்டு, அவன் "இருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்கும் எஞ்சின் உயிர் பெற்று விளக்கு எரிவதற்கும் சரியாக இருந்தது.

அர்ஜுனன் வாயைத் திறந்தபடி கிடந்தான். தாடையை மூடப் பார்த்தாள், வரவில்லை. விறைத்திருந்தது. கழுத்தும் கையும் சிமெண்டுத் தரைபோல் சில்லிட்டிருந்தன. எத்தனை பிணம் பார்த்தவள் அவள். விளக்குப் போன உடனேயே போயிருக்கிறான்.

இரண்டரை மணி நேரம் அவளுடன் பேசிக்கொண்டிருந்தது யார் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்: இருட்டில் யாரையும் கூப்பிடுவதில்லை, யாரிடமும் இருக்கிறாயா என்று கேட்பதில்லை. எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பாள். கால் வலித்தாலும் தொட்டுப் பார்ப்பாள்.

வார்டு மெல்லக் காலியானது. காய்ச்சலோடு கிடந்தவர்கள் கூட வீட்டிலேயே படுத்துக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள்.

லெட்சுமி வந்தது ஒரு சனிக்கிழமை. இருபத்திரண்டு வயது, இரண்டாவது பிரசவம். புருஷன் செல்லன் அன்று வேலிக் காவல் முறையில் இருந்தான். மாலை ஐந்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. இருந்த கடைசி ஊசியையும் போட்டாயிற்று. மருந்து வாங்கக் கோல சிலாங்கூர் போன சிவானந்தம், சாலையை அடைத்துவிட்டதால் திரும்பவில்லை. ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் ஆயா நவமணி குழந்தையைத் துணியில் சுற்றி லயத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் மண்டோரய்யா. இல்லாட்டி தாங்காது," என்றாள் கான்ஸ்டன்ஸ்.

"துரைகிட்டப் போறேன் மிஸ்ஸி. காவல் கிடைச்சதும் லோரியோட வந்து நிக்கிறேன். அதுவரைக்கும் பிடிச்சு வச்சுக்குங்க," என்று சோமு ஓடினார்.

அவர் சொன்னதுபோல் பிடித்து வைப்பதுதான் மிச்சமிருந்த ஒரே வழி. தொப்புளுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்து, கருப்பையை வயிற்றின் மேலாகவே இறுக்கிப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தால் ரத்தம் நின்றது. கையைத் தளர்த்தினால் வந்தது. ஒரு மணி நேரமாக அவள் அப்படியே நின்றாள். தோளிலிருந்து விரல் வரைக்கும் வலி போய், மரத்து, மரத்தது போய் மறுபடியும் வலி வந்தது.

எஞ்சின் இருமியது.

இன்னொரு தரம் இருமியது.

இருட்டு. தவளைச் சத்தம் ஒரு நொடி அடங்கி மறுபடி எழுந்தது. டெட்டால் வாடை, ரத்த வாடை, புகைக்கொட்டகையிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை. இவற்றுக்கடியில் இன்னொன்று: வெகுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி.

"மிஸ்ஸி," என்றாள் லெட்சுமி. "ஏதாச்சும் பேசுங்க. பயமா இருக்கு."

கான்ஸ்டன்ஸ் உப்பளத்தைப் பற்றிப் பேசினாள். வெயிலில் உப்பு கண்ணைக் கூசுவதை, டொரீனும் அவளும் செருப்பில்லாமல் ஓடி உள்ளங்கால் எரிந்ததை. மூன்றாவது வாக்கியத்தில் தொண்டை வறண்டது. நாலாவதில் குரல் கிழிந்து காற்றாக வந்தது. காலையிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

பின்கதவு ஓரத்துக் கட்டிலின் கம்பி கிரீச்சிட்டது. படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்காரும்போது வரும் சத்தம்.

அவள் பேச்சை நிறுத்தினாள்.

சிமெண்டுத் தரையில் வெறுங்கால். ஒன்று. நின்றது. இன்னொன்று. அவசரமே இல்லாத நடை. கட்டில்களைத் தாண்டி, ஜன்னல் பக்கம் போய் நின்றது.

வெளியே லோரிச் சத்தம். கடவுளே, லோரி. சரளைக் கல்லில் சக்கரம் அரைபட்டு நின்றது. யாரோ மலாயில் சீக்கிரம், சீக்கிரம் என்று அதட்டினார்கள்.

"மிஸ்ஸி! கான்ஸ்டன்ஸ் மிஸ்ஸி! இருக்கீங்களா?" சோமுவின் குரல்.

அவள் வாயைத் திறந்தாள்.

"இன்னா இருக்கேன் மண்டோரய்யா."

அவள் சொல்லவில்லை. ஜன்னலிலிருந்து வந்தது அது. அவள் குரல். இரண்டு வருஷத்துக்கு முன், கப்பலிலிருந்து இறங்கி வந்த நாளில் இருந்த குரல். கணீரென்று. களைப்பே இல்லாமல்.

"லோரி வந்திருச்சு மிஸ்ஸி. தூக்கிரலாமா?"

"வேண்டாம். ரத்தம் நின்னுட்டு. லெட்சுமி நல்லாத் தூங்குறா. அசைக்கக் கூடாது."

"மண்டோர்!" கான்ஸ்டன்ஸ் கத்தினாள். "நானில்ல அது! உள்ள வாங்க!" வாயிலிருந்து வந்தது ஒரு கரகரப்புதான். சொல் பாதி, மூச்சு பாதி. கையை எடுத்துவிட்டு ஓடலாம். கதவுக்குப் பத்து எட்டு. எடுத்தால் ரத்தம் வரும். எவ்வளவு வருமென்று அவளுக்குத் தெரியும்.

"யாரு மிஸ்ஸி அது கத்துறது?"

"லெட்சுமிதான். காய்ச்சல்ல பெனாத்துறா. நீங்க போங்க. செல்லன்கிட்ட கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

வெளியே சோமுவின் தடி சரளையில் ஒரு முறை உரசியது. சந்தேகப்படு, என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஒரே ஒரு தரம் சந்தேகப்படு.

"சரி லா. அப்பாடா. காவலுக்கு வந்த இவங்க வேற நிக்க மாட்டேங்கிறாங்க. உங்க குரலைக் கேட்டதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு."

தடி சுவரில் ஒரு தட்டு. லோரி திரும்பியது. சத்தம் தேய்ந்தது. தவளைகள்.

வெறுங்கால். ஜன்னலிலிருந்து. கட்டிலின் மறுபக்கத்துக்கு.

பெட்டி வாடை.

"மிஸ்ஸி," லெட்சுமி முனகினாள். "இருக்கீங்களா?"

கான்ஸ்டன்ஸ் உதட்டை அசைத்தாள். காற்று.

"இருக்கேம்மா," என்றது மறுபக்கம்.

"இப்பத்தான் உங்க குரல் மாதிரி இருக்கு. கொஞ்ச முன்ன வேற யாரோ பேசுனாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "மிஸ்ஸி. யாரோ என் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. விட மாட்டேங்கிறாங்க. வலிக்குது."

"தெரியும்மா."

"எடுக்கச் சொல்லுங்க மிஸ்ஸி."

"எடுத்துர்றேன்."

ஒரு கை வந்து கான்ஸ்டன்ஸின் கைமேல் அமர்ந்தது. சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி. மூர்க்கம் இல்லை. தாதி ஒருத்தி கட்டுப் பிரிப்பதுபோல், பக்குவமாக, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கியது. சுண்டுவிரல். மோதிரவிரல். அவள் முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினாள். பலம் இல்லை. அது எப்போதோ தீர்ந்துவிட்டது. நடுவிரல்.

உள்ளங்கைக்கு அடியில் லெட்சுமியின் வயிறு மெல்லத் தளர்ந்து இளகியது.

"அப்பாடா," என்றாள் லெட்சுமி, அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இப்ப சுகமா இருக்கு மிஸ்ஸி."