முட்டிக்கு மேலே, இடுப்புக்குக் கீழே

"மூணு சனிக்கிழமையா ஏமாத்துறே! இன்னைக்கும் வோணாம்னா நான் சாப்பிடவே மாட்டேன்" என்று தட்டைத் தள்ளி வைத்தான் லோகேஷ். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவனுக்கு, அம்மாவோடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"முட்டிக்கு மேல தண்ணி இருந்தாதான் இறா நிக்கும். இடுப்புக்குக் கீழ இருந்தாதான் ஆள் நிக்க முடியும். நான் நிக்கிற எடத்துல நீ இன்னா பண்ணுவே? முழுகிடுவே!" என்றார் அம்மா.

அவன் கண் கலங்கியதும் அக்கா வினோதினிக்குப் பாவமாக இருந்தது. அவள் ஏழாம் வகுப்பு. வீட்டில் யாராவது பேசும் ஒரு வாக்கியத்தைக் கணக்குக் குறிகளால் எழுதிவரச் சொல்லியிருந்தார் டீச்சர். அம்மா சொன்னதே போதுமே!

அம்மாவின் முட்டி உயரத்தையும் இடுப்பு உயரத்தையும் டேப்பால் அளந்தாள். தண்ணீரின் ஆழம் x என்று வைத்து எழுதினாள்: 45 < x < 90.

"அப்படின்னா?" என்றான் லோகேஷ்.

"ஆழம் நாப்பத்தஞ்சு சென்டிமீட்டருக்கு மேல இருக்கணும். தொண்ணூறுக்குக் கீழயும் இருக்கணும். ரெண்டும் சேர்ந்து." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ம்மா, முட்டி இறாவுக்காக. இடுப்பு ஆளுக்காக. அப்போ இவன் வந்தா, இவன் இடுப்பைத்தானே அளக்கணும்?"

லோகேஷ் பாய்ந்து வந்து நின்றான். குதிகாலைத் தூக்கிக்கொண்டு எழுபத்திரண்டு காட்டினான். அக்கா விடவில்லை. தலையில் தட்டி, எழுபது என்று எழுதினாள்: 45 < x < 70.

பிறகு ஒரு மூங்கில் கழியில் நாற்பத்தைந்தில் ஒரு துணியும் எழுபதில் ஒரு துணியும் கட்டினாள்.

மூவரும் ஏரிக்குப் போனதும், அம்மா வழக்கமாக நிற்கும் இடத்தில் அக்கா கழியை ஊன்றினாள். இரண்டு துணியும் முழுகின. கரையில் நின்ற லோகேஷின் முகம் வாடிவிட்டது. வினோதினி கரைப்பக்கமாக ஊன்றி ஊன்றி நடந்தாள். ஓரிடத்தில் கீழ்த்துணி மட்டும் முழுகியது.

"இங்கதான்!"

"அங்க இறா கெடைக்குமாடி?" என்றார் அம்மா.

"முட்டிக்கு மேல இருக்கேம்மா. நீதானே சொன்னே?"

அம்மா இறால் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி அங்கே வந்தார். லோகேஷும் ஒரு சின்னப் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினான். சேற்றைத் துழாவினான். கைக்குள் ஏதோ துள்ளியது.

"ம்மா, இறா!"

வாயைத் திறந்ததும் பறி தண்ணீரில் விழுந்தது. கடித்த கயிற்றை விடாமலே அம்மா சிரித்தார். லோகேஷ் இறாலை மட்டும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் நோட்டை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அந்த எழுபதை மட்டும் பென்சில்ல எழுதுக்கா. நான் வளந்துடுவேன்ல!"