அடைத்து வைத்த மணி

மேசையிலிருந்து உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தபோது அந்த வெண்கல மணி சத்தமே போடவில்லை. சாவிக்கொத்து விழுந்தாலே எதிரொலிக்கும் பட்டறை அது. தேங்காய் அளவு கனத்த மணி, தலையணை விழுவது போல விழுந்து, வாயை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தான். உள்ளே விளிம்பு வரை கறுப்பு மெழுகு அடைத்திருந்தது. மணி ஏன் ஒலிக்கவில்லை என்பதற்கு அது போதுமான காரணம். தரையும் ஏன் சத்தம் போடவில்லை என்று அவன் யோசிக்கவில்லை.

பழம்பொருட்களைச் சீர்செய்வது அவன் தொழில். அவற்றை வைத்திருப்பவர்களை மதிக்காதது அவன் சுபாவம். கால் உடைந்த நாற்காலிக்கு இரும்பாணி அடித்தவன், நானூறு வருஷத்துத் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தவன் என்று உலகமே அவனுக்கு முட்டாள்களின் கூட்டம். மணியைக் கொண்டுவந்த ஓட்டல் முதலாளிக்கு அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தான்.

முதலாளி அளந்த கதை இதுதான். மணி ஒரு அரண்மனையில் இருந்ததாம். அரசனை வீழ்த்திய தளபதி அதை எடுத்துக்கொண்டானாம். பல தலைமுறை கழித்து ஒரு டாக்டரிடம் வந்து, அங்கிருந்து ஏலத்தில் முதலாளியின் மாமனாருக்கு வந்ததாம். அது யார் வீட்டில் இருக்கிறதோ அவர் பேச்சுக்கு மறுபேச்சே இருக்காதாம். எல்லாம் சொல்லிவிட்டு, போகும்போது குரலைத் தாழ்த்தினார்.

“வெளியில மட்டும் தேய்ச்சுக் குடுங்க. உள்ள கை வைக்காதீங்க. மாமனார் சாகும்போதுகூட அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

அவன் பவ்யமாகத் தலையாட்டினான். ஆள் படியிறங்கியதும் சிரித்தான். சோறு விற்கிறவன் வெண்கலத்தைப் பற்றித் தனக்குப் பாடம் எடுக்கிறானே என்று இருந்தது.

பட்டறைக்குப் பின்னால் வீடு. அங்கே பீரோ திறந்து மூடும் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள்; மகளையும் கூட்டிக்கொண்டு போகிறாள்; திரும்பி வரப் போவதில்லை. பத்து வருஷமாக உங்கள் வாயில் முட்டாள் என்ற பேரோடு குடித்தனம் நடத்தியாயிற்று, இவளும் அதே பேரோடு வளர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போகட்டும், நாலே நாளில் தெரியும் என்று அவன் பதிலுக்குச் சொன்னான். ஆனால் மகள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போகாதே என்று கேட்டுவிடலாம். கேட்பது அவனுக்குப் பழக்கமில்லை.

ஆகவே வேலையில் இறங்கினான். பின்னால் வந்தவன் சேர்த்ததையெல்லாம் எடுத்துவிட வேண்டும், முதலில் செய்தவன் கைவேலை மட்டும் மிஞ்ச வேண்டும் என்பது அவன் தொழிலின் அரிச்சுவடி. மெழுகைச் சூடு காட்டி வழித்தான். அதற்கடியில் மாவுக்கட்டுப் போடும் சுண்ணமும் துணியும் இறுகிக் கிடந்தன. இது டாக்டரின் வேலை. எலும்பு முறிந்த காலென்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அதையும் உளியால் பெயர்த்தான். அடுத்து ஈயம். துப்பாக்கிக் குண்டுகளை உருக்கி ஊற்றியிருந்தார்கள். சில குண்டுகள் சரியாக உருகக்கூட இல்லை. ஈயத்தின் மேல் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன. கொதிக்கும் ஈயத்தைக் கையால் அழுத்தியிருக்கிறான் தளபதி. ஆறும் வரை பொறுக்கத் தெரியாத மடையன் என்று அவன் முணுமுணுத்தான்.

அவ்வளவு அவசரம் என்னவென்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டு ஈயத்தை வெட்டியெடுத்தான்.

அடியில் தலைமுடி. கறுப்பும் நரையும் செம்பட்டையுமாகப் பலருடைய முடியைப் பின்னி, மணியின் நாக்கைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஈரக்கல்லும் பழைய வியர்வையும் கலந்த வாடை எழுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. வெளியே பொழுது சாய்ந்து தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எதிர்வரிசைத் தையல்காரரின் இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. அவன் கத்தரியை உள்ளே விட்டுக் கடைசி முடிச்சை அறுத்தான்.

தையல் இயந்திரம் நின்றது.

மனைவி பட்டறை வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் பெட்டி, மறுகையில் மகள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. அப்பாகிட்ட சொல்லாம வரமாட்டேன்னு நிக்கிறா. அதான் வந்தேன்.”

“போயிட்டு வரேன்ப்பா,” என்றாள் மகள்.

எட்டு வயசு. ரெட்டைப் பின்னல், முதுகில் பள்ளிக்கூடப் பை. போகாதே கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வரவில்லை. மறுபேச்சு இல்லாத வீடு என்று அந்தச் சோற்றுக்கடைக்காரன் சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சும்மா, வேடிக்கைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு மணியைத் தூக்கி ஒரு தடவை ஆட்டினான்.

பெரிய ஓசை ஒன்றுமில்லை. காதில் கேட்டதைவிடப் பல் ஈறுகளில்தான் அதிகம் கேட்டது. மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். மகள் பையைக் கழற்றி வைத்தாள். இருவர் முகத்திலும் கோபமில்லை, அழுகையில்லை, ஒன்றுமே இல்லை.

“உள்ள போங்க,” என்றான்.

அவர்கள் உள்ளே போகவில்லை. தெருப்பக்கம் திரும்பினார்கள்.

தெருவில் கதவுகள் திறந்தன. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு இறங்கி வந்தார். மருந்துக்கடைக்காரர் வந்தார். சோப்பு நுரை பாதி முகத்தில் இருக்க ஒருவர் வந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தெருமுனையிலிருந்து அவன் வாசற்படி வரை, ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விடாமல் நின்றார்கள். ஆட்டு மந்தை என்று நினைத்தான். ஒரு மணியோசைக்கு இத்தனை மந்தையா என்று அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சிரிப்போடு மணியைக் கீழே வைக்கப் போனான்.

கை வைக்கவில்லை. ஆட்டியது.

மறுபடியும் ஆட்டியது. அவன் ஆட்டவில்லை.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடிக்க நினைத்தான். இடது கை தொங்கியது. கால்களைப் பின்னால் எடுக்க நினைத்தான். அவை ஒட்டிச் சேர்ந்து, வேலைக்காரனின் கால்களைப் போல, வாசலோரத்தில் போய் ஒதுங்கி நின்றன. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இந்த மணி எந்த அரசனுக்கும் சொந்தமாக இருந்ததில்லை. அரசன் அடித்தான். தளபதி அடித்தான். தங்களுக்காக இல்லை, வருகிற இன்னொருவருக்காக அடித்தார்கள்.

தெருவில் எல்லோரும் மண்டியிட்டார்கள். நெற்றி தரையில் பட, முதுகை மேலே காட்டிக் குனிந்தார்கள். மனைவியும் குனிந்தாள். வாசற்படியில், அவன் காலடியில், மகளும்.

தெருமுனையில், கடைசி விளக்குக்குக் கீழே, ஒரு முதுகு தாழ்ந்தது.

அதன் மேல் யாரும் இல்லை. முதுகு மட்டும் அழுந்தி, அழுந்தி, சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தத்தோடு தட்டையானது. அடுத்த முதுகு. அதற்கடுத்தது. அவசரமில்லாத நடை. நடுவில் ஒரு இடத்தில் நின்றது. பிடிக்காதது போல ஒருவரைத் தாண்டி, பக்கத்தவர் மேல் கால் வைத்தது. யாரும் கத்தவில்லை. ஈரக்கல் வாடை வாசலை நிறைத்தது. மருந்துக்கடைக்காரர். தையல்காரர். அளவு நாடா தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டது.

எழுந்திரு கண்ணு. ஓடிப்போ. பெரியம்மா வீட்டுக்கு, எங்கேயாவது, ஓடு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. கை மட்டும் விடாமல் ஆட்டியது.

மனைவியின் முதுகு தாழ்ந்தது.

மகளுடைய முதுகு சின்னது. ஒரு பாதம் வைக்கத்தான் அதில் இடமிருந்தது. கவுன் துணியின் மேல், நடுவில், ஐந்து விரல்களும் குதிகாலுமாக ஒரு பள்ளம் மெல்ல விழத் தொடங்கியது.