செமியோன், சொவிஞ்ஞோன், தமிழ்வாணி

பழங்காநத்தம் ஜெராக்ஸ் கடையில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம். தமிழ்வாணி தன் கைக்கு வந்த தாள்களைப் புரட்டினாள்... பத்தாம் வகுப்பு பிரெஞ்சு வினாத்தாள் இல்லை. ஏதோ ஒயின் பட்டியல்!

"மேடம்... அது என்னோடது."

நிமிர்ந்தாள். ஈரம் சொட்டும் இமைகள், தூக்கம் கெட்ட கண்கள்... அவன் கையில் அவளுடைய வினாத்தாள்.

"மாத்திக் குடுத்துட்டாங்க போல. நான் இதை ஒயின்னு நெனச்சு மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

ஏழு வகுப்பு எடுத்துத் தொண்டை கட்டியிருந்தவளுக்குப் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

அவன் சிவபாண்டி. கீழக்குயில்குடிக்காரன். பெரிய ஹோட்டலில் பரிமாறுபவன். வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னால் பிரெஞ்சு ஒயின்களைப் பற்றிச் சொல்லிக் காட்டினால் பரிமாறுபவர்களுக்கு மேலே கேப்டன் ஆகலாம்.

"பேருதான் வாயில நுழைய மாட்டேங்குது. உங்க பேரு?"

"தமிழ்வாணி. பிரெஞ்சு டீச்சர்."

சிரிப்பை அடக்கப் பார்த்தான்... முடியவில்லை.

மழை விடவில்லை. அவள் தாளில் விரல் வைத்தாள். "ஆந்த்ர்-து-மேர். ரெண்டு கடலுக்கு நடுவுலன்னு அர்த்தம்."

"அங்க கடலே கெடையாதுங்க. பொர்தோங்கிற ஊர்ப் பக்கம் ரெண்டு ஆறு. கடல் தண்ணி அதுல ஏறி எறங்குமாம்."

"நமக்கு ஒத்த ஆத்துலயே தண்ணியக் காணோம். சரி, எந்தத் திராட்சை?"

"கலப்புங்க. சொவிஞ்ஞோன் எலுமிச்சை மாதிரி வெடுக்குனு இருக்கும். செமியோன் நிதானம்... தேன் வாசம், நாக்குல கனமா நிக்கும். கொஞ்சூண்டு மஸ்கதெல், பூ வாசத்துக்கு."

"குடிச்சிருக்கீங்களா?"

"ட்ரெயினிங்ல வாயில வச்சுத் துப்பிருவேன்... எங்கப்பா குடிச்சே செத்தாருங்க. முழுங்க வராது."

அவள் அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினாள்.

அடுத்த மூன்று மாலையும் பக்கத்து டீக்கடையில் உச்சரிப்புப் பாடம். மூன்றாம் நாள் அவள் அண்ணன் பார்த்துவிட்டான். "ஊத்திக் குடுக்கிறவனுக்கு எங்க வீட்டுப் பொண்ணுகூட என்ன பேச்சு?"

தமிழ்வாணி வாய் திறக்கவில்லை. சிவபாண்டி தாள்களை மடித்துக்கொண்டு போனான். பிறகு வரவே இல்லை.

பதினோரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் மதியம் ஹோட்டலின் பின்வாசலில் அவள் நின்றாள். அவன் களைத்து வெளியே வந்தான்.

"பாஸாயிட்டீங்களா?"

"ஆயிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"உங்கண்ணன் பேசுறப்ப நீங்க சும்மாதானே நின்னீங்க..."

அவள் கண்கள் நிறைந்தன. "அசதிங்க. முப்பத்திரெண்டு வயசாச்சு. பொண்ணு பாக்க வந்தவங்களுக்கெல்லாம் காபி ஊத்திக் குடுத்தே ஓஞ்சு போனேன். சண்டை போடத் தெம்பில்ல. நேத்துதான் சொன்னேன்... நான் ஊத்துனதை விட அவரு ஊத்துறது மரியாதையான வேலைன்னு."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"எங்கிட்டப் பேசுறதில்ல."

அவன் பின்வாசல் படியில் உட்கார்ந்தான்.

"பத்து மணி நேரம் நிக்கிறேங்க. வீட்டுக்குப் போனாலும் கால் கடுப்பு நிக்காது. உங்ககிட்ட நின்னப்ப மட்டும்... தெரியல."

"உங்களப் பிடிச்சிருக்கு சிவபாண்டி."

"எனக்கும்... வாணி. எம்புட்டுன்னு சொல்லத் தெரியல."

"மெதுவாச் சொல்லுங்க," என்றாள். "இன்னைக்கு லீவு போட்டுட்டேன்."