கொஸ்லந்த பஸ்

1983 ஜூலையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பதுளை நகரில் நண்பகல் முதல் நான்கு மணி வரை ஊரடங்குச் சட்டம் தளர்த்தப்பட்டிருந்தது. புடைவைக் கடை மஹ்ரூப் முதலாளி, மனைவி ஸைனபையும் ஏழு வயது மகள் நளீராவையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கடையைப் பார்த்து வரத் தனியாக வந்தார்.

அவருடைய கடைக்கு ஒரு சேதமும் இல்லை. ஒட்டினாற்போல் இருந்த இராமையாவின் லோண்டரிதான் கூரையின்றிக் கருகிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு உண்டு. புதன்கிழமை, தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தவர்கள் லோண்டரியின் முன்வாசலை மறித்து நின்றபோது, இராமையா அந்தக் கதவைத்தான் தட்டினார்.

"தொறங்க முதலாளி... முதலாளி!"

திறந்தால் தம் கடையையும் கொளுத்திவிடுவார்களோ என்றஞ்சிய மஹ்ரூப், தாழ்ப்பாளை இட்டுவிட்டுப் பின்வழியாக வெளியேறினார். அதை அறிந்தவர் எவருமில்லை.

இப்போது கடைக்குள் கஞ்சிப் பசையின் வாசனையும் கரி நெருப்பின் வாடையும் கலந்து மெல்லப் பரவின. சுவருக்கு அப்பால், ஈரத்துணியின் மீது சூடான இஸ்திரிப் பெட்டி ஓடியது.

ஸ்ஸ்ஸ்...

சாம்பல் மேட்டில் நின்று யார் துணி தேய்க்கிறார்கள்?

வாசலில் நிழல் விழுந்தது. இராமையாவின் மனைவி வேலாயி.

"பஸ் ஒன்னும் ஓடலீங்க. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துலேருந்து நடந்தே வந்தேன். எங்க வூட்டுக்காரரப் பாத்தீங்களா முதலாளி?"

"அவரு புதன்கெழம காலையிலேயே கொஸ்லந்த பஸ்ல போயிட்டாரு. நானே ஏத்தி விட்டேன்."

வேலாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கருகிய சட்டைக் காலர். வெளுப்புக்கு வரும் துணிகளில் வீட்டுக்கு ஒரு குறியாகச் சேங்கொட்டை மையால் இடுவது இராமையாவின் வழக்கம்.

"இது எங்க வூட்டுக் குறிங்க. இந்தக் கதவோரமா, அந்தப் பக்கம் கெடந்துச்சு."

"காயப்போட்ட சட்டையா இருக்கும்."

"அப்ப ஒங்க புள்ள மேல சத்தியம் பண்ணுங்க. கும்புட்டுட்டுப் போயிர்றேன்."

உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் நாளை ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது?

"நளீரா மேல சத்தியம். கொஸ்லந்த பஸ்ல ஏத்தி விட்டேன்."

இஸ்திரிச் சத்தம் நின்றது.

வேலாயி அழவில்லை. சுவரைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"கேட்டுக்கிட்டீங்கள்ல?"

அப்பால் சாம்பல் நொறுங்கியது. காலடிகள் தெருவில் இறங்கின.

அவை மஹ்ரூபின் வீடிருந்த திசையில் சென்றன.

மூச்சிரைக்க ஓடிவந்த கணவரை ஸைனப் வியப்போடு பார்த்தாள்.

"ஏன் இப்படி ஓடி வாறீங்க? அதான் புள்ளைய அனுப்பிட்டேனே."

"யாரோட?"

"நம்ம லோண்டரி ராமையாவோட. மனுசன் தப்பிச்சிட்டாரேன்னு எனக்குச் சந்தோஷம். டவுன்ல வேணாம், புள்ளைய கொஸ்லந்தயில நம்ம சொந்தக்கார லத்தீப் காக்கா வீட்டுல விடச் சொல்லி முதலாளி அனுப்பினாருன்னாரு. பத்து வருஷமா துணி கொண்டு வாற மனுசன்தானே? பஸ் ஓடுதான்னு மட்டும் கேட்டேன். சிரிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"'முதலாளியே ஏத்தி விட்டாரேம்மா'ன்னாரு."

ஊரடங்குச் சங்கு ஊதியது. தெருவில் ஓர் உயிரும் இல்லை. ஆயினும், திருப்பத்துக்கு அப்பால் ஒரு பஸ் உறுமிக் கிளம்பிற்று. அந்த இரைச்சலின் ஊடே, மிக அருகில், மகளின் குரல் கேட்டது.

"வாப்பா... உள்ளுக்குச் சுடுது வாப்பா."