வலி வராத காலை

செவ்வாய்க்கிழமை விழிப்பு வந்தபோது ஆன்றோவின் வலது கை மடங்கியிருந்தது. விரித்துப் பார்த்தான். விரிந்தது. மறுபடி மடக்கினான். ஐந்து விரலும் எண்ணெய் விட்ட கீல்போலச் சத்தமில்லாமல் மடங்கின.

அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

மூன்று மாதமாக அவனுக்குக் காலை ஒரே மாதிரித்தான் விடிந்தது. ஐந்து மணிக்கு விழிப்பு வரும், உடம்பு வராது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை யாரோ சிமெண்டைக் கரைத்து ஊற்றியதுபோல மூட்டுகள் இறுகிக் கிடக்கும். ஓட்டின்மேல் விழும் ஆனி மழையையும், வீட்டுக்குப் பின்னால் ரப்பர் இலைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும், கோயில் மணியையும், மீன்காரனின் ஹாரனையும், புதுக்கடை முக்கு திரும்புகிற முதல் பஸ்ஸின் உறுமலையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பான். ஏழு மணி சுமாருக்கு ஒரு விரல் அசையும். பிறகு இன்னொன்று. எழுந்துபோய்ச் சுடுதண்ணீர் வாளியில் இரண்டு கையையும் முக்கி வைப்பான். இரண்டு இட்லி. அதன்பின் ஸ்டிராய்டு, ஒரு மில்லிகிராம் மாத்திரைகளாக. போன மாதம் ஐந்து மில்லிகிராம். இந்த மாதம் நாலு.

குழித்துறை டாக்டர் பகவதியப்பன் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடுப்பு மூட்டின் பந்தை விரலால் தொட்டுக் காட்டியிருந்தார். "இது உள்ளுக்குள்ள சாக ஆரம்பிச்சிருக்கு. வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டதோட பலன். கிறிஸ்மஸுக்குள்ள நிறுத்திட்டா நடந்து போவீங்க. ஒரேயடியா நிறுத்தினா செத்துப்போவீங்க. மாசம் ஒரு மில்லி குறைப்போம். வலிக்கும். வலிக்கட்டும்."

வலிக்கட்டும் என்று அவன் மனைவி ஷீஜாவால் விட முடிந்ததில்லை.

அவள் இருந்தபோதும் டாக்டர் இதேபோல் குறைத்துக்கொண்டுதான் வந்தார். ஷீஜா யாரிடமும் சொல்லாமல், பழைய சீட்டைக் காட்டி ஒரு மருந்துக்கடையில் கூடுதலாக மாத்திரை வாங்கினாள். இடித்துப் பொடியாக்கி, கருப்பட்டி போட்ட, பால் விடாத கட்டன்சாயாவில் கலக்கினாள். விடிகாலையில் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, "இஞ்சேருங்க, ஆறதுக்கு முந்தி குடியுங்க" என்று கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். இரண்டு வருடம். நோய் விட்டுப் போகிறது என்று அவன் நம்பினான். டாக்டரும் நம்பினார்.

போன செப்டம்பரில் எலிக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஆன்றோ முற்றத்தில் விழுந்தான். வாந்தி, நாடி இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து அரிசிப்பானைக்குள் கைவிட்டபோது காலி மாத்திரை அட்டைகள் கட்டுக்கட்டாக வந்தன. கல்லறையில் வராத அழுகை அப்போதும் வரவில்லை. அட்டைகளை எரித்தான். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒளிவிலகல் பாடம் எடுத்தான்.

இப்போது, பத்து மாதம் கழித்து, கை வலிக்கவில்லை.

மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணினான். சரியாக இருந்தது. நாக்கால் அண்ணத்தைத் தடவினான். கசப்பு. அதற்கு அடியில், மெல்லிதாக, கருப்பட்டி. சர்க்கரை நோய் வந்த பிறகு வீட்டில் கருப்பட்டி கிடையாது.

வெள்ளிக்கிழமை தெருவில் பக்கத்து வீட்டு செசிலி மாமி மறித்தாள். குடையைச் சாய்த்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"என்ன மக்கா, மொகம் பூரிச்சுப் போய்க் கெடக்கு? சந்திரன் உதிச்ச மாதிரியாக்கும் இருக்கு."

"ஒண்ணுமில்ல மாமி."

"ஒண்ணுமில்லாம இப்பிடித் தடிக்குமா? எவளையாவது பாத்து வச்சிருக்கியா? வச்சிருந்தா நல்லதுதான், சொல்லு. விடியக்காலத்த அடுக்களையில கரண்டிச் சத்தம் கேக்குதே, நீயா வைக்குத?"

அவன் தன் வீட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டது தப்பா மக்கா?"

"எத்தன மணிக்கு மாமி?"

"அஞ்சர இருக்கும். ஜெபமால சொல்லிட்டு இருந்தேன்லா."

அஞ்சரை மணிக்கு அவன் உறக்கத்தில் இருந்தான். அந்த வாரம் முழுக்க, எந்த வலியும் எழுப்பாமல், ஏழு மணிவரை.

சனிக்கிழமை ரத்தம் கொடுத்தான். சாயங்காலம் டாக்டரே கூப்பிட்டார். "சர்க்கரை முன்னூத்திப் பத்து. எவ்வளவு சாப்பிடுறீங்க?"

"நாலு, சார்."

"ஆன்றோ, போன தடவையும் இதையேதான் சொன்னீங்க." டாக்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இப்படியே போனா ரெண்டு மாசம்கூட அந்த எலும்பு தாங்காது. படுத்த படுக்கைதான். யார் குடுக்கறா?"

அவன் போனை வைத்தான்.

அன்றே அடுக்களையைப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். முக்கிலிருக்கிற ஓட்டலில் சாப்பிட்டான். மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர் மட்டும் குடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வலி இல்லை. மாத்திரை டப்பாவை செசிலி மாமியிடம் கொடுத்து, தினமும் காலையில் நாலே நாலு மட்டும் தரச்சொன்னான். "பிள்ளை மாதிரி எண்ணித் தரணுமாலே?" என்று சிரித்தாள், ஆனால் எண்ணித்தான் தந்தாள். இப்போது வீட்டுக்குள் ஒரு மாத்திரைகூட இல்லை. திங்கட்கிழமையும் வலி இல்லை. குனிந்து செருப்பு மாட்டினான், மாடிப்படியை ஓடி ஏறினான், வகுப்பில் பிள்ளைகள் கைதட்டினார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதினான். கண்ணாடியில் கன்னங்கள் காதுவரை பரந்திருந்தன. முழங்கையில் தோல் காகிதமாகி, தொட்ட இடமெல்லாம் கருநீலம். பிடரியில் ஒரு சதைக்கட்டி எழும்ப ஆரம்பித்திருந்தது. வலி மட்டும் இல்லை.

அன்று படுக்கப்போகுமுன் முன்கதவையும் பின்கதவையும் தாழ்போட்டான். காயத்துக்கு ஒட்டுகிற அகலமான பிளாஸ்திரியைக் கிழித்து, உதடுகளை மூடி, ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னம்வரை ஒட்டினான். அதன் மேல் குறுக்காக இன்னொன்று. மூக்கால் மூச்சு விட்டுப் பார்த்தான். போதும்.

விழித்தபோது விரல்கள் மடங்கவில்லை.

மறுபடி முயன்றான். மணிக்கட்டிலிருந்து தோள்வரை வலி சுடுகம்பியாக ஏறியது. இடுப்பு அலறியது. முழங்கால்கள் கல். கழுத்து திரும்பவில்லை. பிளாஸ்திரிக்கு அடியில் அவன் வாய் சிரித்தது. கண்ணோரத்தில் வழிந்த தண்ணீர் காதுக்குள் இறங்கியது. பத்து மாதத்தில் முதல் அழுகை. வலிக்கிறது. நன்றாக வலிக்கிறது. வாய் மூடியே இருந்திருக்கிறது. அவன் ஜெயித்துவிட்டான். ஏழு மணிவரை கிடந்தால் போதும்.

ஜன்னலில் சாம்பல் நிறம் படர்ந்துகொண்டிருந்தது. மழை நின்று, இலைகள் மட்டும் சொட்டின. கோயில் மணி அடித்தது. சுவருக்கு அந்தப்புறம் செசிலி மாமி ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். மீன்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டு போனான். எல்லாம் வழக்கப்படி. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

பூட்டிய அடுக்களைக்குள் உலக்கை இறங்கியது.

சிறிய உரல். டொக். டொக். நிதானமாக. ஒரு துண்டும் சிதறாமல் இடிக்கப் பழகிய கை.

பிறகு எவர்சில்வர் டம்ளருக்குள் கரண்டி சுற்றும் சத்தம்.

கத்தினான். சத்தம் மூக்குக்குள் முனகலாக முடிந்தது. மாமி அருள்நிறை மந்திரத்தின் பாதியில் நிறுத்தினாள், காதுகொடுத்தாள், மறுபடி தொடர்ந்தாள்.

கையைத் தூக்கு. தூக்கு. சுண்டுவிரல் நடுங்கியது. அவ்வளவுதான்.

அடுக்களைப் பூட்டு திறக்கும் சத்தமே இல்லை. வெறுங்கால்கள் மட்டும். ஈரத்தரையில், ஒவ்வொன்றாக. கருப்பட்டி மணம் முதலில் வந்தது. அதன் பின்னால் புது மண்ணின் மணம்.

கட்டில் தலைமாட்டில் தாழ்ந்தது. அவன் தலை தூக்கப்பட்டது. பின்மண்டைக்கு அடியில் ஒரு மடி. குளிர்ந்து, கெட்டியாக, நனைந்த சேலையோடு. கழுத்து திரும்பவில்லை. கண்களை எவ்வளவு மேலே உருட்டினாலும் தெரிந்தது மோவாய் மட்டும்தான். மோவாயின் அடியில், அடக்கத்தன்று பஞ்சு வைத்துக் கட்டிய வெள்ளைத்துணியின் முடிச்சு.

வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. முதல் பஸ் முக்கு திரும்பியது.

ஒரு நகம் அவன் இடது கன்னத்துக்கு வந்தது. பிளாஸ்திரியின் ஓரத்தைத் தேடியது. கண்டுபிடித்தது. ஒரு முடிகூட இழுபடாமல், தோலை மற்ற விரலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ஊதி ஊதி, உரிக்க ஆரம்பித்தது.

வலிக்கவே இல்லை.