பச்சை விளக்கு எரிந்த பதில்

அருங்காட்சியகத்தின் பழைய கூடத்துக்குள் தன் விளையாட்டு மேசையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அண்ணி நல்ல உற்சாகத்தில் இருந்தாள். அகழ்வாராய்ச்சி செய்யும் கொழுந்தன் அவளை அண்ணி என்று கூப்பிட, அங்கே எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள்.

அவள் தொழில் விளையாட்டு செய்வது. மண்ணில் கிடைத்ததைக் கண்ணாடிக்குள் வைத்தால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள்; கையில் கொடுத்தால் நகரமாட்டார்கள். அதற்காகத்தான் ‘இது எதுக்கு?’ என்ற இந்த விளையாட்டு. பொருளின் நகலைக் கையில் எடுத்துப் பார்த்து, திரையில் ஒரு பதிலைத் தொடவேண்டும். சரியென்றால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு.

அவற்றில் ஒரு சுடுமண் உருண்டை எதற்கென்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கொழுந்தன் ஒரு புதைகுழியில் எடுத்தது. போனால் போகிறதென்று, அதற்கு எந்தப் பதிலைத் தொட்டாலும் பச்சை எரியும்படி வைத்திருந்தாள்.

திறப்புக்கு முன் ஆடிப்பார்க்க வந்தவர் அருங்காட்சியக வழிகாட்டி. ரேடியோ என்பது பட்டப்பெயர். வாயை மூடினால் அவருக்கு உடம்புக்கு ஆகாது.

உருண்டையின் நகலை எடுத்துக்கொண்டு ‘எடைக்கல்’லைத் தொட்டார்.

சிவப்பு.

‘பொம்மை’யைத் தொட்டார். சிவப்பு.

“என்ன அண்ணி, உங்க மெஷினுக்கு என்னைக் கண்டா ஆகாதா?”

அண்ணி எல்லாவற்றையும் சரிபார்த்தாள். தப்பு எதுவும் இல்லை. எரிச்சலில் மின்கம்பியைப் பிடுங்கினாள்.

சிவப்பு அணையவில்லை.

கூடத்தில் ஒரு வாடை பரவியது. வெகுகாலம் மூடிக் கிடந்த வாயின் வாடை. ரேடியோவின் சிரிப்பு பாதியில் நின்றது. உருண்டை இருந்த அவர் கை மெல்ல மேலே எழுந்தது.

“என்ன பண்றீங்க?”

“நான் பண்ணலை” என்றார், காற்றுக் குரலில்.

கை உருண்டையை அவர் வாய்க்குள் திணித்தது. பற்கள் நறநறத்தன.

பச்சை எரிந்தது.

அண்ணி போட்ட கூச்சலில் கொழுந்தன் ஓடிவந்தான். இருவரும் சேர்ந்து இழுத்தும் அந்தத் தாடை அசையவில்லை. கல்லாய் இறுகியிருந்தது. கண்கள் மட்டும் கெஞ்சின.

கொழுந்தன் முகம் வெளிறியது. “அண்ணி... குழியில இது மண்டையோட்டுக்கு அடியிலதான் கிடந்துச்சு. வாயிலேர்ந்து விழுந்திருக்கு.”

“வாயில எதுக்குடா வெச்சாங்க?”

“பேசிடக்கூடாதுன்னு.”

அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் நீளமாக மூச்சிழுத்தாள்.

திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இல்லை.

மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து, இரண்டு பல்லைப் பிடுங்கித்தான் உருண்டையை எடுத்தார்கள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ஆனால் ரேடியோவுக்குக் குரல் போய்விட்டது. அண்ணி நகலைச் சுத்தியலால் பொடியாக்கினாள். கொழுந்தன் அசலைப் பழைய குழியிலேயே போட்டு மூடினான். சில வாரங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. கொழுந்தன் பழையபடி சிரிக்கவும் ஆரம்பித்தான்.

ஒரு மத்தியானம் அண்ணி வீட்டுச் சமையலறையில் இருந்தபோது ரேடியோவின் மனைவி போன் செய்தாள்.

“அவர் பேசிட்டாரு, அண்ணி.”

“நல்ல சேதிதானே! அதுக்கு ஏம்மா அழறே?”

“அது அவர் குரல் இல்லை.” அவள் இன்னும் குரலைத் தாழ்த்தினாள். “பொம்பளைக் குரல். காலையிலேர்ந்து நிறுத்தவே இல்லை. தோண்டினவன் எங்கே, என்னை விளையாடக் கொடுத்தவ எங்கேன்னு... கத்தவே இல்லை அண்ணி. பொறுமையா, திருப்பித் திருப்பி...”

போன் துண்டிக்கப்பட்டது.

கூடத்திலிருந்து கொழுந்தன் எட்டிப்பார்த்தான். “யாரு அண்ணி போன்ல?”

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

நாக்கில் ஈரமண் கரித்தது.